அரை கிலோ கொத்துக்கறி, ஏழு பேர்: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுங்கை சிப்புட் மருமகள்

எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமனாரும் மாமியாரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் மூன்று பேர். சம்பள வாரத்தில் மட்டும் ஆட்டுக்கறி, மற்ற வாரங்களில் கோழி. மாட்டுக்கறி புழங்குவதில்லை. அரை கிலோ கொத்துக்கறி வாங்கினால் ஏழு தட்டிலும் கறி சாப்பிட்ட நிறைவு தெரிய வேண்டும்.

கறியோடு எதைச் சேர்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் காய்கறிப் பட்டியல் ஒன்று சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நான் கேட்டபோது என் மாமியார் சொன்னது வேறு: “சாறைக் குடிக்கிற பொருளைப் போடும்மா, தண்ணி விடுற பொருளைப் போடாதே.” கறி வேகும்போது தண்ணீரும் கொழுப்பும் வெளியேறி, எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது. ருசியில் பெரும்பகுதி அந்தச் சாற்றிலும் கொழுப்பிலும்தான் இருக்கிறது. கடலைப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோயாவும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ், பூசணி, செங்குவாங் கிழங்கு எல்லாம் தங்கள் தண்ணீரையும் சேர்த்து விடும். கறி வறுபடாமல் அவிந்து, வெளுத்துப் போகும்.

நான் செய்யும் விதம் இது. அரை கிலோ ஆட்டுக் கொத்துக்கறிக்கு 150 கிராம் கடலைப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், ஆனால் குழையக் கூடாது என்ற பதத்தில் வேகவைத்து வடித்துவிடுவேன். அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போகும். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும், எண்ணெய் இல்லாமல் கறியைப் பரப்பி, கிளறாமல் விடுவேன். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் சட்டி சூடு இறங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதனால் இரண்டு பாகமாக. அடி சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் நிற்கும் கொழுப்பிலேயே பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு, கறித்தூள். அப்புறம் பருப்பைப் போட்டு அந்த மசாலாவில் பிரட்டி, கடைசியில்தான் கறியைத் திரும்பச் சேர்ப்பேன். பருப்பு முதலில் மசாலாவைக் குடித்துவிடுவதால் வாயில் வைத்தால் பருப்பாகத் தனித்துத் தெரியாது. உருளைக்கிழங்கு போடும் நாளில் அதைக் கொத்துக்கறி அளவுக்கே பொடியாக நறுக்க வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் பிள்ளைகள் கறியைப் பொறுக்கிக்கொண்டு கிழங்கை ஒதுக்குகிறார்கள்.

மாமியார் சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கை மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பார்த்தேன். கறியும் முட்டையும் வைத்து மடித்துச் சுடும் முர்தாபாக் ரொட்டி போடுகிற அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்று கவனித்தேன். கறி கொஞ்சம்தான், வெங்காயம் அள்ளி அள்ளி. வெங்காயம் தண்ணீர் விடும் சாமான் ஆயிற்றே என்று அவரிடமே கேட்டேன். “முட்டை எதுக்குக்கா உடைச்சு ஊத்துறோம்?” என்றார். வெங்காயம் விடும் தண்ணீரை முட்டை பிடித்துக்கொண்டு இறுகிவிடுகிறது. அன்றிலிருந்து கோஸ் சேர்க்கும் நாளில் முட்டையும் ஊற்றுகிறேன். மிச்சக் கொத்துக்கறி, கோஸ், இரண்டு முட்டை, மறுநாள் காலையில் ரொட்டிக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

விருந்துச் சமையல் தாத்தா

தங்கச்சி, உங்கள் மாமியார் சொன்னது சரி. நான் தோட்டத்துக் கல்யாணங்களுக்குச் சமைத்தவன். கோயில் திடல் நிறைய ஆள் வருவார்கள், கறி அளவாகத்தான் இருக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது கோலா உருண்டை. பொட்டுக்கடலையை மாவாக்கிக் கறியில் சேர்த்தால் சாறு ஒரு சொட்டு வெளியே போகாது. அரை கிலோ கறிக்கு 100 கிராம் பொட்டுக்கடலை மாவு தாங்கும். அதற்கு மேல் போனால் மாவு வாடைதான் வரும்.

உப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். பச்சைக் கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். உருண்டைக்கு அது வேண்டும். எண்ணெயில் உடையாது, முட்டையும் மிச்சம். உதிரியாகப் பிரட்டும் கறிக்கு அது ஆகாது, கட்டி கட்டியாகப் போகும். அதற்குக் கறி சிவந்த பிறகே உப்பு.

இன்னொன்று, கொத்தி வைத்த கறியை வாங்காதீர்கள். பெட்டியில் உறைந்து வரும் ஆஸ்திரேலிய ஆட்டில் தோள்பட்டைத் துண்டாகக் கேளுங்கள். முழுத் துண்டைக் கண்ணால் பார்த்து எடுத்து, கொத்தித் தரச் சொல்லுங்கள், அல்லது வீட்டிலேயே கத்தியால் கொத்துங்கள். எலும்பைத் தனியாகக் கேட்டு வாங்கி மிளகு போட்டு சூப் வைத்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. நான் போகும் கடைப் பையன் முதலில் முகம் சுளித்தான், இப்போது என்னைக் கண்டதும் எலும்பை எடுத்து வைத்துவிடுகிறான். கேட்பதில் வெட்கம் எதற்கு? நாம் காசு கொடுத்த கறியின் எலும்பு அது.

ஷிப்ட் வேலை அம்மா

நான் கோழிக்காரி. 2023 நவம்பர் 1-ஆம் தேதி மலேசியாவில் கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததிலிருந்து, கிலோ 9 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு என்ற உச்சவரம்பு போய்விட்டது. வாரத்துக்கு வாரம் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். மலிவாகக் கிடைக்கும் வாரம் இரண்டு முழுக்கோழி. நெஞ்சுக்கறியை மட்டும் கொத்தினால் வறண்டுவிடும், தொடையையும் கொஞ்சம் தோலையும் சேர்த்துக் கொத்துவேன்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பெர்கடில் என்ற உருளைக்கிழங்கு வடை செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர் மாட்டிறைச்சியில் செய்வார், நான் கோழியில் செய்கிறேன். உருளைக்கிழங்கை அவிக்காமல் பொரித்து மசிக்கச் சொன்னார். அவித்தால் கிழங்கே தண்ணீரைக் குடித்துவிடுகிறது, அப்புறம் கறிச்சாற்றுக்கு அதில் இடம் ஏது? நான்கு பங்கு கிழங்குக்கு ஒரு பங்கு வதக்கிய கொத்துக்கறி, பொரித்த வெங்காயம், மிளகு, கொஞ்சம் செலடரித் தழை. தட்டி, முட்டையில் முக்கிப் பொரிக்க வேண்டும். 200 கிராம் கறியில் எங்கள் ஐந்து பேருக்கும் போதும்.

சோயா உருண்டையைப் பலர் வெறுப்பதற்குக் காரணம் அதை அப்படியே போடுவதுதான். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, துணியில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். அப்புறம் கொத்தினால்தான் கறி அளவுக்கு வரும். காய்ந்த சோயாவில் ஏறக்குறைய பாதி புரதம், அதனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. கறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டும் போகாதீர்கள்.

பதப்படுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொத்தின கறி முழுத் துண்டைவிடச் சீக்கிரம் கெடும், மேல்பக்கக் கிருமி உள்ளே வரைக்கும் கலந்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள்தான். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் ஒரு விரல் தடிப்புக்குத் தட்டையாக அமுக்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகக் கோடு இழுத்து உறையவைக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் வேண்டியதை மட்டும் ஒடித்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போனால், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் இளகிவிடும்.