2012 ஹோண்டா சிட்டி, 82,000 கிலோமீட்டர்: வாங்கலாமா? வருடத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும்?

பீளமேடு_வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் இருக்கிறேன். அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயதுப் பெண் என்று ஐந்து பேர், சின்ன காரில் நெருக்கியடித்துப் போவது அப்பாவின் முழங்காலுக்கு ஒத்து வரவில்லை. பட்ஜெட் மூன்றரை லட்சம். அதில் புது வண்டி எதுவும் கிடைக்காது என்பதால் பழைய செடான் பார்க்கிறேன். சென்னையில் ஒரு 2012 சிட்டி பெட்ரோல் மேனுவல் பார்த்தேன், இரண்டாவது ஓனர், கேட்கிற விலை 3.10 லட்சம். மீட்டர் 82,000 காட்டுகிறது.

ஓட்டிப் பார்த்தபோது மூன்று விஷயம் கவனித்தேன். பள்ளத்தில் இறங்கினால் இடது முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். ஏசி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் காற்று சூடாகிவிடுகிறது. கிளட்ச் கொஞ்சம் கனமாக இருக்கிறது. புரோக்கர் எல்லாம் ஒரு ஜெனரல் சர்வீஸில் சரியாகிவிடும் என்கிறார். இது உண்மையா? வாங்கின பிறகு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? தினமும் ஆபீஸ் போய்வர 15 கிலோமீட்டர்தான் ஓடும், அவ்வப்போது பொள்ளாச்சி.

சேலம்_பட்டறை:
தம்பி, முதலில் ஒன்று. அந்த மூன்றில் ஒன்றுகூட ஜெனரல் சர்வீஸில் சரியாகாது. ஜெனரல் சர்வீஸ் என்றால் ஆயில், ஃபில்டர், பிரேக் கிளீனிங், வாட்டர் வாஷ், அவ்வளவுதான். நீங்கள் சொல்வது எல்லாம் பாகம் மாற்றுகிற வேலை. ஆனால் பயப்படவும் வேண்டாம், இது அந்த மாடலின் குறை இல்லை, பதிமூன்று வருடத்தைத் தாண்டிய வயது. நம் ஊர் ரோட்டில் ஓடிய எந்த செடானுக்கும் ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்) இந்த வயதில் போயிருக்கும்.

டொக் டொக் சத்தத்துக்கு முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியின் இணைப்பு) பாருங்கள், விலை குறைவு, அதிலேயே முடிந்தாலும் முடியும். இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், கடைசியாக ஷாக் அப்சார்பர். சக்கரத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் ரேக் எண்டு, பால் ஜாயிண்ட் ஆட்டம் கைக்கே தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக்டக் என்று வந்தால் அது வேறு, ஆக்சில் ஜாயிண்ட். முன்பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் வெளிப் பட்டறையில் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும்.

ஏசிதான் பணத்தை விழுங்கும் இடம். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் கண்டன்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடுகிற, வண்டியின் முன்னால் இருக்கும் பாகம்) மேல் போதுமான காற்று படவில்லை என்று அர்த்தம். ஃபேன் மோட்டார் தளர்ந்திருக்கலாம், கண்டன்சர் தூசியில் அடைத்திருக்கலாம். கேஸ் குறைவாக இருந்தாலும் இப்படித்தான் காட்டும், கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் அப்படியே. விற்கிறவர்கள் கேஸ் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், வாங்கினவருக்கு இரண்டு மாதம் குளிரும், அப்புறம் பழைய கதை. கேஸ் தானாகத் தீர்ந்து போகிற பொருள் இல்லை, எங்கோ ஒழுகினால்தான் குறையும். நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலில் லீக் என்றால் பாகத்தின் விலையை விட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுகிற கூலிதான் வலிக்கும், பத்தாயிரத்துக்கு மேல் போகலாம்.

கிளட்சுக்கு ஒரு எளிய சோதனை: நான்காவது கியரில் நாற்பது வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் பிளேட் வழுக்குகிறது. செட்டாக மாற்றப் பன்னிரண்டாயிரம் பக்கம் வரும்.

இன்ஜினைப் பற்றி தைரியமாகச் சொல்வேன். அந்த 1497 சிசி ஐ-விடெக் நல்ல இன்ஜின், வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் என்கிற ரப்பர் பட்டை கிடையாது, செயின்தான். ஆனால் அதில் வால்வு இடைவெளியைத் தானாகச் சரி செய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இல்லை, அந்த இடைவெளியைக் கையால் அளந்து சரி செய்ய வேண்டும். பல பட்டறைகளில் இதைத் தொடுவதே இல்லை. நீங்கள் போய்ச் சேரும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை தெரியும். சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, திரும்பி வந்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். கூலண்ட் போடாமல் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே துரு நிறத்தில் இருக்கும், அதுவும் வேண்டாம்.

வடபழனி_ரவுண்டானா:
மெக்கானிக் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் சென்னை வண்டி என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவித் துடைத்து வெளியூர்க்காரருக்கு விற்பது எளிது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் விஷயம் முடிந்தது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் குழி, இரண்டிலும் துரு பாருங்கள். தண்ணீர் குடித்த வண்டியில் வயரிங் கோளாறு ஓயவே ஓயாது.

82,000 என்ற கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கேளுங்கள். பெடல் ரப்பர் வழவழப்பாகி ஸ்டீயரிங் தோல் உரிந்திருந்தால் அது 82,000 ஓடிய வண்டி இல்லை.

அப்புறம் ஏர்பேக். டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டருக்காக (ஏர்பேக்கை ஊத வைக்கும் பாகம்) உலகம் முழுக்க நடந்த ரீகாலில் (கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பாகம் மாற்றித் தருவது) இந்தியாவின் 2012 சிட்டிகளும் இருந்தன. அதற்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, விபத்தின்போது இரும்புத் துண்டுகளாக வெடித்துச் சிதறலாம். சென்னையின் வெக்கையில் இதைச் சும்மா விடக்கூடாது. சேஸிஸ் எண்ணை வைத்து ஹோண்டா இணையதளத்திலேயே பார்க்கலாம், மாற்றித் தருவது இலவசம். குழந்தையை ஏற்றுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள், தயவுசெய்து.

ஈரோடு_டூ_கோவை:
பேப்பர் செலவை யாரும் சொல்லவில்லை. 2012 ரெஜிஸ்ட்ரேஷன் என்றால் 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. அதன் பிறகு வண்டியை எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி. எஃப்சிக்கு முன் டிங்கரிங், பெயிண்ட், லைட் என்று பட்டறைச் செலவு அதை விட அதிகமாகும். விலை பேசும்போது இதைச் சொல்லியே குறையுங்கள்.

இன்சூரன்ஸில் 1000 முதல் 1500 சிசிக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 3,416, ஜிஎஸ்டி சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம். பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளைத்தான் அதற்கேற்ற பாகங்களுடன் செய்கிறார்கள். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஃப்யூல் ஹோஸ் (பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்) விரிசல் விட்டிருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஊருக்குள் லிட்டருக்கு பத்து, பதினொன்று கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பீளமேடு_வாசி:
ரொம்ப நன்றி. சீட் பெல்ட் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. அப்படியானால் எந்த விலைக்கு வாங்கலாம்? மெக்கானிக் அண்ணா, நீங்களாக இருந்தால் எவ்வளவு சொல்வீர்கள்?

சேலம்_பட்டறை:
வெள்ளம் பார்க்காத வண்டி, இன்ஜின் சுத்தம், சர்வீஸ் ரெக்கார்டும் மீட்டரும் ஒத்துப்போகிறது என்றால் 2.50-ல் ஆரம்பித்து 2.65-க்குள் முடியுங்கள். மிச்சத்தில் எழுபதாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். முன் சஸ்பென்ஷன், ஏசி, கிளட்ச், பேட்டரி, தேவைப்பட்டால் டயர், எல்லாம் முதல் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். இரண்டாவது வருடத்திலிருந்து உங்கள் ஓட்டத்துக்கு இன்சூரன்ஸ் சேர்த்து இருபத்தைந்தாயிரம் போதும், பெட்ரோல் தனி. 2.80-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று புரோக்கர் சொன்னால் விட்டுவிடுங்கள், கோவையிலேயே முதல் ஓனர் வண்டி கிடைக்கும், மூன்று மாதம் பொறுத்தால் போதும். பார்க்கப் போகும்போது உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் பரவாயில்லை, லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.