லர்க்கர் = ? (பதுங்குநர் வேண்டாமே)

வணக்கம்.

ஊருக்குப் போயிருந்தேன், இன்று காலைதான் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நம் மின்னஞ்சல் குழு போன்ற இடங்களில் மடல்களைப் படித்துவிட்டு எதுவும் எழுதாமலே இருப்பவரை ஆங்கிலத்தில் லர்க்கர் (lurker) என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. ஒரு சொல்லுக்கு இருபது மடல், இருபதையும் எழுதியது வழக்கமான நாலு பேர். குழுவில் இருப்பதோ முந்நூற்றுச் சொச்சம். அந்த மிச்சப் பேருக்குப் பெயர் வைக்கத்தான் நாம் இப்படி அடித்துக்கொள்கிறோம், அவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை!

> லர்க் என்றால் பதுங்கு. எனவே பதுங்குநர். இயக்குநர், ஓட்டுநர் போல விகுதியும் சரி.

அண்ணா, இலக்கணத்தில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தமிழில் பதுங்குவது யார்? பூனை, திருடன், கடன் கொடுத்தவர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டவன். புலிகூடப் பதுங்கினால் பாயத்தான் என்கிறோம். ஆங்கிலச் சொல்லிலும் அந்தக் கடுப்பு இருக்கிறதுதான், அதற்கு அன்று ஒரு நியாயமும் இருந்தது. எண்பதுகளில் கணினி வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே நடத்திய அறிக்கைப் பலகைகள் (தொலைபேசி வழியாக இன்னொரு கணினியோடு இணைந்து செய்தி படிக்கவும் எழுதவும் உதவிய bulletin board-கள்) பலவும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பில் ஓடியவை, ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு சத்தம்தான், ஆகவே எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தவர் மேல் எரிச்சல் வந்தது. இன்று முந்நூறு பேர் சும்மா படிப்பதால் யாருக்கு என்ன நட்டம்?

இன்னொன்று, இவர்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கூட்டம் இல்லை. இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய 90-9-1 கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கும்: நூறில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். அது ஒரு குத்துமதிப்பு. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது நானெக்கி, பிரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் மின்னஞ்சல் குழுக்களை எண்ணிப் பார்த்தது. உடல்நலக் குழுக்களில் எழுதாதவர் சராசரி 46 விழுக்காடு, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82. நோயைப் பற்றிப் பேச வருபவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வேண்டும், தானும் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றும். மென்பொருள் சிக்கலோடு வருபவரின் கேள்வியை ஏற்கெனவே யாரோ கேட்டு விடையும் வாங்கி வைத்திருப்பார், வந்தவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் எங்கே பதுங்கினார்?

என் பெரியப்பா தையல்கடை வைத்திருந்தார். வாசல்படியில் காஜா பையன் உட்கார்ந்திருப்பான், மடியில் சட்டை, விரலில் ஊசி, காது மட்டும் உள்ளே. வந்தவர் 'அக்குள்ல பிடிக்குது மாஸ்டர்' என்பார், பெரியப்பா ஒன்றும் பேசாமல் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார், பையன் அந்தக் கோட்டைப் பார்ப்பான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு தீபாவளி நெருக்கடியில் பெரியப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார், அன்று கத்தரிக்கோலை எடுத்து வெட்டியவன் அவன்தான். (காலரில் கொஞ்சம் சொதப்பினான், அது வேறு கதை.)

தொழிலை எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்று லேவ், வெங்கர் என்ற ஆய்வாளர்கள் 1991இல் எழுதிய புத்தகத்தில் லைபீரியத் தையல்காரர்கள் வருகிறார்கள். அங்கும் இதே வரிசைதான், பொத்தான் வைப்பதும் ஓரம் மடிப்பதும் முதலில், துணி வெட்டுவது கடைசியில். ஓரத்தில் இருப்பதும் அந்தத் தொழிலில் முறையான பங்கேற்புதான் என்பது அவர்கள் வாதம். அறிவு மேலாண்மைக்காரர்கள் (அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் கிடைக்கச் செய்வதை வேலையாகக் கொண்டவர்கள்) இந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், ஆனால் அலுவலகத்தில் செய்வது நேர் எதிர். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அறிவுத்தளம் என்று ஒன்று திறந்தார்கள். மாதக் கடைசியில் பில்லிங் சர்வர் தொங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். மாதாமாதம் எல்லாரும் அதைத்தான் திறப்போம், ஒருவரும் கீழே ஒரு வரி எழுதியதில்லை. நிர்வாகத்துக்கு அது பொறுக்கவில்லை. 'பங்களிக்காதோர் பட்டியல்' என்று மாதம் ஒன்று வர ஆரம்பித்தது, பதிவுக்கு இத்தனை புள்ளி என்றார்கள். அப்புறம் என்ன, ஆளாளுக்கு எங்கிருந்தோ வெட்டி ஒட்டினார்கள், மூன்றே மாதத்தில் அந்த பில்லிங் பக்கம் தேடினாலும் கிடைக்காத ஆழத்துக்குப் போய்விட்டது. ஆளுக்கு வைக்கிற பெயர்தான் அவரை நடத்துகிற விதத்தையும் முடிவு செய்கிறது. நமக்கும் அந்தப் பட்டியல் புத்தி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

> குறளில் 42ஆம் அதிகாரமே கேள்வி. கேட்டுக் கற்றவர் கேள்வியர். இதைவிடப் பொருத்தம் ஏது?

ஐயா, மனசுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. செவிவழிக் கல்விக்கு இப்படி ஒரு சொல் வைத்திருந்திருக்கிறோம். ஆனால் இன்று கேள்வி என்றால் கேள்விக்குறிதான் நினைவுக்கு வருகிறது. 'இந்தக் குழுவில் 280 கேள்வியர் உள்ளனர்' என்று போட்டால் 280 பேர் கேள்வி கேட்டு நம்மைக் குடைகிறார்கள் என்று அர்த்தமாகும், நமக்கு வேண்டியதற்கு அப்படியே தலைகீழ்.

ஏகலைவர் என்று எழுதிய அக்காவுக்கு: அருமை, ஆனால் கடைசியில் கட்டைவிரலை யார் போய்க் கேட்பது? பாவம், அவர்கள் கைப்பேசியில் உருட்டிப் படிப்பதே அந்த விரலால்தான்.

என் பரிந்துரை நேயர். வானொலி நமக்கு ஏற்கெனவே பழக்கித் தந்த சொல். நேயத்தோடு கேட்கிறவர். நேயரைப் பார்த்து 'நீ ஏன் ஒலிபரப்பவில்லை' என்று யாரும் கேட்டதில்லை. தோன்றினால் அஞ்சலட்டை போடுவார், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருப்பார். வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் குழுநேயர் என்று சேர்த்துக்கொள்ளலாம். வினைச்சொல்லும் வேண்டும் என்று யாரோ சரியாகவே கேட்டிருந்தீர்கள், அதற்குச் செவிமடுத்தல் போதும். 'இரண்டு வருடம் செவிமடுத்துவிட்டுத்தான் முதல் மடல் எழுதுகிறேன்' என்றால் காதில் உறுத்துகிறதா?

---

மறுமொழி:

நேயர் நல்லாய்த்தான் இருக்கு, ஒரு தடங்கல் மட்டும். உங்கள் காஜா பையன் ஒருநாள் மாஸ்டர் ஆகிறான். வானொலி நேயர் அறிவிப்பாளர் ஆவது எப்போதாவதுதானே? வானொலி ஒருவழி, குழு அப்படி இல்லை. இலங்கை வானொலிக்கு நாங்கள் அட்டை எழுதிப்போட்டதெல்லாம் எங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் பேசாமல் இருக்கிறார்கள்.

---

மறுமொழி:

நீங்கள் சொன்ன தடங்கல் உண்மைதான், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் எழுதாத எல்லாரும் என்றைக்காவது எழுதியே ஆகவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பிரீஸ் குழுவினர் பிறகு எழுதாதவர்களிடமே காரணம் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர் சொன்னது, எழுதத் தேவைப்படவில்லை என்பதுதான். அவர்களுக்கு நேயர் பொருந்தும். காஜா பையன்களுக்குக் கத்துக்குட்டி என்று நல்ல சொல் இருக்கவே இருக்கிறது, அதைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்வோம்.

விக்சனரியில் (யாரும் சொல் சேர்க்கக்கூடிய இணைய அகராதி) ஏற்றுபவர் யாராக இருந்தாலும் சரி, தலைச்சொல் நேயர், கூடவே குழுநேயர், வினை செவிமடுத்தல் என்று போடுங்கள். கேள்வியரை ஐயாவுக்காகப் பழவழக்கு என்ற குறிப்போடு சேர்த்துவிடலாம். பதுங்குநரை மட்டும் எடுத்துவிடுங்கள்.