6 அடி பால்கனித் திறப்பு: ஸ்லைடிங்கா, பிரெஞ்சு டோரா? (கிழக்கு மழை, கொசு, வாக்கர்)

கொட்டிவாக்கம்_வீடு:
கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, இரண்டாவது மாடி. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே கிழக்குப் பார்த்த திறப்பு, 6 அடி அகலம், 7 அடி உயரம். பால்கனி ஆழம் 4 அடி. மேல்தளம் மூடியிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நேராக அடிக்கும். ஆர்க்கிடெக்ட் பிரெஞ்சு டோர் (கீலில் திறக்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவு) என்கிறார். யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் பிரேம்) வேலைக்காரர் "இரண்டரை டிராக் ஸ்லைடிங் போட்டுடலாம், கொசுவலை அதிலேயே வந்துடும்" என்கிறார், அதாவது இரண்டு கண்ணாடிக் கதவுக்கு இரண்டு டிராக், வலைக்கு அரை டிராக். அம்மா வாக்கர் வைத்து நடப்பவர். டைல்ஸ் இன்னும் போடவில்லை. எது சரி?

பிரேம்_பிடிக்கிறவன்:
மழையை மட்டும் பார்த்தால் வெளிப்பக்கம் திறக்கும் பிரெஞ்சு டோர்தான். காற்று அடிக்க அடிக்கக் கதவு கேஸ்கெட்டோடு (ஓர ரப்பர் பட்டை) இன்னும் இறுகும். ஸ்லைடிங்கில் இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் இருப்பது வெறும் பிரஷ் (நார்ப்பட்டை). அது தூசியைத் தடுக்கும், அழுத்தத்தோடு வரும் தண்ணீரைத் தடுக்காது. ஏசி குளிர் நிற்பது, ரோட்டுச் சத்தம் குறைவது எல்லாவற்றிலும் பிரெஞ்சு ஒரு படி மேல்.

ஒரே நிபந்தனை, கீழ் பிரேமை எடுக்கச் சொல்லாதீர்கள். "கால் தடுக்குது" என்று அதை வெட்டிவிட்டு, மழை வந்ததும் கதவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

நீலாங்கரை_சைட்:
மழைக்கு அது சரி. ஆனால் அந்த வீட்டில் வாக்கர் இருக்கிறது சார். 6 அடியில் இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 3 அடி. 4 அடி பால்கனியில் 90 டிகிரி திறந்து நின்றால் மிச்சம் ஒரு அடிதான். முழுக்க மடங்கிச் சுவரோடு ஒட்ட, இரு பக்கமும் 3 அடி வெறும் சுவர் வேண்டும், இருக்கிறதா? 6 மி.மீ. கண்ணாடி போட்டால் கதவு ஒன்று 40 கிலோவுக்கு வரும். கடற்காற்று பிடுங்கினால் வாக்கரோடு நிற்பவர் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. வெளியே போய்த் திரும்பி நின்று இழுத்துச் சாத்துவது அதைவிடக் கஷ்டம்.

கொசுவலையும் தலைவலி. கதவு வெளியே திறந்தால் வலை உள்பக்கம் வரவேண்டும்: தனி வலைக்கதவு, இல்லையென்றால் மடிப்பு வலை. மடிப்பு வலையின் நூல் அறுந்தால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் கிடைப்பது அபூர்வம்.

ஸ்லைடிங்கில் திறப்பு பாதிதான், சுமார் 2 அடி 9 அங்குலம். வாக்கருக்குப் போதும். பீரோ, சோபா பால்கனி வழியாக ஏற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பிரேம்_பிடிக்கிறவன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்லைடிங் டிராக்கின் உள் விளிம்பு உயரம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மணிக்கு 50 கி.மீ. காற்று சுமார் 12 மி.மீ. தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். அதாவது டிராக்கில் அந்த உயரம் நிரம்பாமல் வடிதுளை வழியே தண்ணீர் வெளியே போகாது. 90 கி.மீ. என்றால் 38 மி.மீ. 2016 டிசம்பர் வர்தா மாதிரி 110 அடித்தால் 57 மி.மீ. உள் விளிம்பு 25 மி.மீ. மட்டும் இருக்கும் மலிவு டிராக்கில் தண்ணீர் ஹாலுக்குள்தான் வழியும். 50 மி.மீ. டிராக் கேளுங்கள். அதுவே வாக்கருக்குத் தடை என்பதுதான் இங்கே சிக்கல்.

லெவல்_பைப்:
கதவை விடுங்கள். ஹால் காங்கிரீட்டுக்கும் பால்கனி காங்கிரீட்டுக்கும் எவ்வளவு இறக்கம்? அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

கொட்டிவாக்கம்_வீடு:
அளந்தேன். பால்கனி ஒரு அங்குலம் கீழே இருக்கிறது. பக்கச் சுவர் ஒரு பக்கம் 1 அடி, இன்னொரு பக்கம் தூண்.

லெவல்_பைப்:
அப்படியானால் பிரெஞ்சு டோர் சுவரோடு மடங்காது, விட்டுவிடலாம். ஸ்லைடிங் போட்டு டிராக்கைத் தரைக்குள் இறக்குங்கள். கணக்கு இது:

ஹாலில் 50 மி.மீ. கலவை, 10 மி.மீ. டைல், பசையோடு சேர்த்து 63 மி.மீ. பால்கனியில் வாட்டர்புரூஃப் பூச்சுக்கு மேல் டைல் 10, பசை 5, வாட்டத்துக்கு 12 (4 அடிக்கு நூற்றுக்கு ஒன்று), கதவோரம் மொத்தம் 27 மி.மீ. ஏற்கெனவே இருக்கும் 25 மி.மீ. இறக்கத்தையும் சேர்த்தால் ஹால் தரை பால்கனித் தரையைவிட 61 மி.மீ. உயரம். 50 மி.மீ. டிராக்கின் உள் விளிம்பு ஹால் டைலோடு சமமாக உட்காரும், வடிதுளை பால்கனி டைலுக்கு 10 மி.மீ. மேலே நிற்கும். மழைக்கு வேண்டிய உயரமும் கிடைக்கிறது, ஹால் பக்கம் கால் தடுக்காது.

வெளியே இறங்க 61 மி.மீ. படி வரும். பால்கனி முழுக்கக் கால் வைத்த கழற்றும் டெக் (பலகை மேடை) போட்டால் சமமாகிவிடும், தண்ணீர் அடியில் ஓடும். கைப்பிடிச் சுவர் உயரத்தை டெக்கின் மேலிருந்து அளந்து பாருங்கள், மூன்றரை அடிக்குக் குறைந்தால் மேலே கம்பி ஏற்ற வேண்டும்.

பால்கனியில் கொத்தனார் பழக்கதோஷத்தில் 2 அங்குலம் கலவை கொட்டிவிடுவார். அன்று ஒரு நாள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கொட்டிவாக்கம்_வீடு:
நன்றி சார். கொட்டேஷனில் 5 மி.மீ. சாதாக் கண்ணாடி, ஒரு புள்ளிப் பூட்டு என்று இருக்கிறது. என்ன மாற்றச் சொல்ல?

பிரேம்_பிடிக்கிறவன்:
கண்ணாடி 6 மி.மீ. டஃபன்ட் (சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கியது), மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதனால் திறப்பைப் பூசி முடித்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை இரு குறுக்களவும் ஒத்துவராவிட்டால் முதலில் பூச்சைத் திருத்துங்கள். பூட்டு பல புள்ளிப் பூட்டு. கதவை டிராக்கிலிருந்து தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே தடுப்புக்கட்டை. டிராக்கின் மேல் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெயில், கடலோரம் என்பதால் ஸ்க்ரூ எல்லாம் எஸ்எஸ் 316. பிரேமைச் சுவரில் பிடிக்கும் ஸ்க்ரூ மூலையிலிருந்து 6 அங்குலத்தில் தொடங்கி 2 அடிக்கு ஒன்று.

முக்கியமானது: கீழ் டிராக்கின் நடுவே ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறக்க விடாதீர்கள். அந்த ஓட்டை வழியே தண்ணீர் தரைக்குள் இறங்கி, கீழ் வீட்டுச் சீலிங்கில் கறையாகத்தான் தெரியும். கீழே அடியில் பட்டை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சிலிக்கான் நியூட்ரல் வகை. புளித்த காடி வாடை அடித்தால் அது அசிட்டிக், சிமென்ட் பூச்சில் ஒட்டி நிற்காது.

நீலாங்கரை_சைட்:
வலையைப் பற்றி ஒன்று. கண்ணாடியைப் பாதி மட்டும் திறந்தால் வலைக்கும் கண்ணாடிக்கும் இடையே சந்து விழும், கொசு அதில் வரும். கண்ணாடியை முழுக்கத் தள்ளி, இரண்டின் ஓரச் சட்டமும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால்தான் வலை வேலை செய்யும். வலை கெட்டுப்போச்சு என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

லெவல்_பைப்:
கடைசித் தவணை கொடுக்கும் முன் டிராக்கின் உள்பள்ளத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கி நின்றால் வடிதுளையைச் சிலிக்கானாலோ டைல் பசையாலோ வெளியே அடைத்திருக்கிறார்கள், மெல்லிய கம்பி விட்டுக் குத்தினால் திறக்கும். துளைக்கு வெளியே மடல் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் காற்று அதே துளையில் தண்ணீரை உள்ளே ஊதும்.