உபுண்டு 24.04க்கு மாறிய பிறகு பிஎச்பி பக்கங்கள் திறக்காமல் பைலாக இறங்குகின்றன

கோண்டாவில் வாசகி:

வணக்கம். எங்கள் வாசிகசாலையின் புத்தகப் பட்டியல் ஒரு பழைய கணினியில் இருக்கிறது. உபுண்டு இயங்குதளம், பக்கங்களைக் கொடுக்கும் அப்பாச்சி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல், நிரலுக்கு பிஎச்பி. முன்பு இங்கே வந்து ஏ/எல் படித்த பொடியன் ஒருவர் எழுதித் தந்தது, அவர் இப்போது ரொறன்ரோவில். வெளி இணையத்துக்கு இது திறந்தில்லை. வாசிகசாலை வைபையில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் போனில் புத்தகம் தேடுவார்கள், நான் இரவல் பதிவேன். அவ்வளவுதான் பாவனை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவரே உபுண்டு 22.04ஐ 24.04 ஆக்கிவிட்டுப் போனார். முகப்புப் பக்கம் வருகிறது, அது வெறும் எச்டிஎம்எல். "தேடு" என்பதை அழுத்தினால் பக்கம் திறக்கவில்லை, போனில் பிஎச்பி பைல் ஒன்று இறங்குகிறது. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க நிரல். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எழுதி வைத்திருக்கும் பைலும் முகவரியைத் தட்டினால் அப்படியே இறங்குகிறது. அதைக் கண்டதும் வைபையை நிறுத்திவிட்டேன்.

டெர்மினலில் "பிஎச்பி -வி" என்று கேட்டால் 8.3 என்கிறது. அப்பாச்சியில் பிஎச்பி மொடியூலை இயக்க "ஏ2என்மொட் பிஎச்பி8.3" என்றால் அப்படி ஒரு மொடியூலே இல்லை என்கிறது. அப்பாச்சியை றீஸ்டார்ட் செய்தால் ஒரு எரரும் இல்லை. பிஎச்பியும் இருக்கிறது, அப்பாச்சியும் ஓடுகிறது, பிறகு ஏன் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவில்லை? போன் ஹொட்ஸ்பொட்டில்தான் இணையம் எடுக்கிறேன். பெரிதாக எதையும் இறக்கச் சொல்லாதீர்கள்.

மானிப்பாய் மின்னல்:

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எக்ஸ்ஏஎம்பிபி போடுங்கள். ஒரே இன்ஸ்டாலில் அப்பாச்சி, பிஎச்பி, டேட்டாபேஸ் மூன்றும் வந்துவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்:

பிள்ளை, ஒன்றையும் அழிக்க வேண்டாம். எக்ஸ்ஏஎம்பிபி வீட்டில் இருந்து எழுதிப் பழகுவதற்கு நல்ல சாமான். அதன் டேட்டாபேஸ் வேறு, உங்கள் புத்தகப் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸ் வேறு. ஏற்கெனவே ஓடும் அப்பாச்சி 80ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதோடும் மல்லுக்கட்ட வேண்டும். மின்னல் தம்பி கோபிக்க வேண்டாம், இருக்கிற பிரச்சினைக்கு மேல் இன்னொரு பிரச்சினை எதற்கு?

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. டெர்மினலில் நீங்கள் பார்த்த பிஎச்பி வேறு, அப்பாச்சிக்குள் ஓட வேண்டிய பிஎச்பி வேறு. இரண்டும் தனித்தனிப் பொதிகள் (பாக்கேஜ்). டெர்மினலுக்கு உரியது "பிஎச்பி-சிஎல்ஐ". அப்பாச்சிக்கு உரியது "லிப்அப்பாச்சி2-மொட்-பிஎச்பி". முதலாவது 8.3 ஆக ஏறிவிட்டது, இரண்டாவது ஏறவில்லை. மொடியூல் இல்லை என்ற பதில் அதைத்தான் சொல்கிறது. பைலை யாரிடம் கொடுப்பது என்று அப்பாச்சிக்குத் தெரியாததால் படம், பிடிஎப் கொடுப்பது போல அதையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. அதன் கணக்கில் அது பிழையே இல்லை, அதுதான் எரர் வரவில்லை.

ஏன் ஏறவில்லை? உபுண்டு 22.04இல் பிஎச்பி 8.1, 24.04இல் 8.3. பொடியன் முதலில் போட்டபோது "லிப்அப்பாச்சி2-மொட்-பிஎச்பி8.1" என்று எண்ணோடு போட்டிருப்பார். எண்ணோடு போட்ட பொதிக்குப் புது உபுண்டுவில் வாரிசு கிடையாது. அப்கிரேட் முடிவில் "பழையவற்றை அழிக்கவா" என்று கேட்கும், ஓம் என்றதும் போய்விடும். எண் இல்லாத பெயரில் போட்டிருந்தால் அது தானாக 8.3ஐக் கூட்டி வந்திருக்கும்.

ஆகவே எண் இல்லாமல் போடுங்கள்: "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்அப்பாச்சி2-மொட்-பிஎச்பி". சில எம்பிதான். அதற்கு முன் ஒரு கேள்வி. அப்கிரேட் நடுவில் கரண்ட் போனதா? போயிருந்தால் முதலில் "சூடோ டிபிகேஜி --கொன்பிகர் -ஏ" கொடுத்து அரைகுறையாக நிற்பவற்றை முடித்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வருகிற லினக்ஸ் பெட்டிகளில் கனக்க அந்தக் கேஸ்தான்.

சரிவந்ததும் போனில் பழையபடி பைல் இறங்கினால் பயப்பட வேண்டாம், பிரவுசர் பழையதை நினைவில் வைத்திருக்கும். தனிப்பட்ட ஜன்னலில் திறந்து பாருங்கள்.

திருநெல்வேலி கம்பஸ்:

அண்ணை சொன்னது சரி, ஆனால் இனிப் புதிதாகப் போடுவதென்றால், பிஎச்பியைத் தனிச் சேர்விஸாக ஓட்டும் எப்பிஎம் போடலாமே? மொட்-பிஎச்பி போட்டால் அப்பாச்சி "பிரீபோர்க்" முறைக்குப் போய்விடும். ஒவ்வொரு அப்பாச்சிப் புரொசெஸும் தனக்குள் ஒரு பிஎச்பியைச் சுமக்கும், வெறும் படம் ஒன்றைக் கொடுப்பதற்கும்கூட. பழைய கணினி, ரம் குறைவு என்றால் அது வீண். எப்பிஎம் தனியே ஓடும், அப்பாச்சி "இவென்ட்" முறையிலேயே இருக்கலாம். "பிஎச்பி-எப்பிஎம்" பொதியைப் போட்டு, "புரொக்சி_எப்சிஜிஐ" மொடியூலையும் "பிஎச்பி8.3-எப்பிஎம்" கொன்பிக்கையும் இயக்கினால் போதும்.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்:

தம்பி சொல்வது நியாயம். பெரிய தளம் என்றால் நானும் அதைத்தான் போடுவேன். இங்கே ஒரு மண்டபத்துப் பிள்ளைகள். எப்பிஎம் என்றால் கவனிக்க இன்னொரு சேர்விஸ் கூடும். அது படுத்தால் 503 என்ற எரர் வரும், அதை யார் பார்ப்பது? பார்க்கப் போகிற ஆள் வாசிகசாலையைத் திறந்து பூட்டுகிறவர். அவருக்கு எது இலகு என்பதுதான் என் கணக்கு.

கோண்டாவில் வாசகி:

ஐயா, கரண்ட் போகவில்லை. நீங்கள் சொன்ன பொதியைப் போட்டேன். "இவென்ட்"ஐ நிறுத்தி "பிரீபோர்க்"ஐ இயக்குகிறேன் என்று அதுவே சொல்லிச் செய்தது. பிஎச்பி விபரம் காட்டும் சோதனைப் பக்கம் எழுதிப் பார்த்தேன், நீலத் தலைப்போடு வடிவாக வந்தது. நன்றி!

ஆனால் தேடல் பக்கம் இன்னும் வரவில்லை. இப்போது இறங்கவில்லை, திறக்கிறது. மேலே தலைப்பு இருக்கிறது, அதன் கீழே வெள்ளை, நடுவில் "டைட்டில்; ?>", "ஓதர்; ?>" என்று அரைவாசி வெட்டிய நிரல் துண்டுகள். ஒரு பக்கத்தில் ஓடும் பிஎச்பி இன்னொரு பக்கத்தில் ஓடாதா?

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்:

அந்தத் துண்டுகளை எழுதியது நல்லது. அது இல்லாவிட்டால் நானும் குருட்டாம்போக்கில் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பொடியன் "<?பிஎச்பி" என்று முழுதாக எழுதாமல் வெறும் "<?" என்று தொடங்கியிருக்கிறார். ஷார்ட் ஓபன் டேக் என்று பெயர். உபுண்டு தருகிற பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புப் பைலில் அது "ஓஃப்". ஓஃப் என்றால் பிஎச்பி அந்தப் பகுதியைத் தொடாமல் பிரவுசருக்குத் தள்ளிவிடும். பிரவுசர் "<?" என்பதைக் கண்டதும் ஏதோ குறிப்பு என்று நினைத்து அடுத்த ">" வரும்வரை மறைத்துவிடும். பிஎச்பியில் "->" என்ற அம்புக்குறி வருமல்லவா, அதன் நுனியில் இருக்கிற ">" தான் அந்த மறைப்பை முடித்து வைக்கிறது. அதனால்தான் அம்புக்குறிக்குப் பின்னால் உள்ள "டைட்டில்; ?>" மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. "வியூ சோர்ஸ்" போட்டுப் பாருங்கள், முழு நிரலும் இருக்கும்.

22.04இல் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் தனித்தனி ஐஎன்ஐ போல்டர் உண்டு. /இடிசி/பிஎச்பி என்பதற்குள் 8.1 ஒன்று, 8.3 ஒன்று. அவற்றுக்குள்ளும் அப்பாச்சிக்கு ஒன்று, டெர்மினலுக்கு ஒன்று. பொடியன் 8.1இல் "ஓன்" ஆக்கி வைத்திருப்பார். புது வீடு வந்தது, பழைய வீட்டு அலுமாரி வரவில்லை.

8.3இன் அப்பாச்சி ஐஎன்ஐயில் "ஓன்" ஆக்கினால் உடனே ஓடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பைல்களில் "<?" இருக்கும் இடங்களை "<?பிஎச்பி" ஆக மாற்றுவேன். இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேட்டில் இதே கதைதான். "<?=" என்று இருப்பதைத் தொட வேண்டாம், பிஎச்பி 5.4 தொடக்கம் அது எப்போதும் ஓடும். "<?எக்ஸ்எம்எல்" என்று எங்காவது இருந்தால் அதையும் விடுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தச் சோதனைப் பக்கத்தை இப்போதே அழியுங்கள், கணினியின் முழு ஜாதகமும் அதில் இருக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நீங்கள் வைபையை நிறுத்துவதற்கு முன் எந்தப் பிள்ளையின் போனில் அந்தப் பைல் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. புதுப் பாஸ்வேர்ட் இருக்கிற பைலை எச்டிஎம்எல் போல்டருக்கு வெளியே, ஒரு படி மேலே வைத்து அங்கிருந்து "ரிக்வயர்" செய்யச் சொல்லுங்கள். இனி ஒருநாள் பிஎச்பி மறுபடி படுத்தாலும் அது எவர் கையிலும் போகாது.

கோண்டாவில் வாசகி:

மாற்றினேன். நிரல் துண்டுகள் போய்விட்டன, பதிலுக்கு முழு வெள்ளைப் பக்கம்! அப்பாச்சியின் எரர் லொக்கைத் திறந்து பார்த்தேன், "மைஎஸ்கியூஎல்ஐ_கனெக்ட்" என்ற பங்க்ஷன் இல்லை என்று இருந்தது. இதுவும் எண் பிரச்சினைதான் என்று "பிஎச்பி-மைஎஸ்கியூஎல்" ஐ எண் இல்லாமல் போட்டு றீஸ்டார்ட் செய்தேன். டேட்டாபேஸ் வந்துவிட்டது. அடுத்து "எம்பி_சப்எஸ்டிஆர்" இல்லை என்று நிற்கிறது. புத்தகப் பெயர் நீளமாக இருந்தால் வெட்டிக் காட்டும் இடம் அது.

திருநெல்வேலி கம்பஸ்:

"எம்பி_" ஐ எடுத்துவிட்டு வெறும் "சப்எஸ்டிஆர்" ஆக்குங்கள். எதையும் இறக்கத் தேவையில்லை.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்:

ஐயோ தம்பி, அது ஆங்கிலப் பெயருக்குச் சரி. வெறும் சப்எஸ்டிஆர் பைட் கணக்கில் வெட்டும். யுடிஎப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். நடுவில் வெட்டினால் பெயரின் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். "பிஎச்பி-எம்பிஸ்டிரிங்" சின்னப் பொதி, அதைப் போடுவதுதான் வழி. அதுகூட முழுக்கச் சரியில்லை. "கி" என்பது க, இகரக் குறி என்று இரண்டு துண்டு, அது அவற்றுக்கிடையே வெட்டி வெறும் "க" வை மிச்சம் வைக்கலாம். எழுத்து எழுத்தாக வெட்ட வேண்டுமென்றால் "இன்டில்" பொதியில் "கிராபீம்_சப்எஸ்டிஆர்" இருக்கிறது. அது அவசரமில்லை, டேட்டா இருக்கும்போது பாருங்கள்.

கோண்டாவில் வாசகி:

எம்பிஸ்டிரிங் போட்டதும் தேடல் வேலை செய்கிறது. பாஸ்வேர்டை மாற்றி, பைலையும் வெளியே எடுத்துவிட்டேன். வைபை திரும்பவும் திறந்தாயிற்று. மூவருக்கும் நன்றி, மின்னலுக்கும்தான்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். இன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கொடுத்த புத்தகத்துக்கு இரவல் நேரம் காலை பதினொன்றரை என்று பதிவாகியிருக்கிறது. கணினியின் மணிக்கூடு சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர்:

ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, அதாவது யுடிசி எனும் உலகப் பொது நேரம். பழைய ஐஎன்ஐயில் "டேட்.டைம்சோன்" என்பதற்கு ஏசியா/கொழும்பு என்று இருந்திருக்கும். 8.3இன் அப்பாச்சி ஐஎன்ஐயில் அதையே எழுதி, தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் எடுத்துவிட்டு, அப்பாச்சியை றீஸ்டார்ட் செய்யுங்கள். 8.1 போல்டர் இன்னும் இருந்தால் அழித்துவிடாமல் இரண்டு ஐஎன்ஐயையும் வித்தியாசம் காட்டும் "டிப்" கட்டளை போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பொடியன் வேறு என்னென்ன மாற்றி வைத்திருந்தார் என்று அதில் தெரியும்.