ஸ்பீக்கர் பாக்ஸ் பார்சல்ல அனுப்புன அனுபவம்: உடைஞ்சதும் தப்பிச்சதும் எல்லாம் இங்க சொல்லுங்க

போன மாசம் செகண்ட்ஹேண்ட்ல 12 இன்ச் டூ வே பாக்ஸ் (பேஸுக்கு வூஃபர், கீச்சு சத்தத்துக்கு ட்வீட்டர்னு ரெண்டு ஸ்பீக்கர் உள்ளது) ஒரு ஜோடி வாங்கினேன். வித்தவர் ஏமாத்துற ஆளே இல்ல, பார்த்துப் பார்த்துதான் பேக் பண்ணியிருந்தார், அதான் கொடுமையே. பார்சல் வந்தப்ப அட்டைப்பெட்டியில ஒரு மூலை மட்டும் லேசா நசுங்கியிருந்துச்சு, பிரிச்சா கேபினெட்ல ஒரு கீறல் கிடையாது, அப்பாடான்னு ஆம்ப்ல மாட்டி பாட்டு போட்டா ஒண்ணு சுத்தமா பாடுது, இன்னொண்ணு பேஸ் வரும்போதெல்லாம் உள்ள மணல் கிடக்கிற மாதிரி கரகரங்குது. வூஃபர் முன்னாடி அசையுற புனல் மாதிரி பகுதி, அந்தக் கோனை சுத்தி நாலு விரல் வச்சு சமமா மெதுவா அமுக்கினேன், உரசுற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. கழட்டிப் பார்த்தா பின்னாடி இருக்கிற ஃபெரைட் மேக்னெட் ஒரு பக்கமா நகர்ந்து உக்காந்திருக்கு.

பெட்டி கீழ விழுந்தா கேபினெட் டக்குனு நின்னுடுது, ஆனா அந்த மேக்னெட் நிக்காம போயிட்டே இருக்கப் பாக்குது, அதைப் பிடிச்சுட்டு இருக்கிறது வெறும் பசையும் தகட்டு ஃப்ரேமும்தான். கோனோட ஒட்டி அசையுற கம்பிச்சுருள், அந்த வாய்ஸ் காயிலுக்கும் சுத்தி இருக்கிற இரும்புக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இடம் இருக்காது, அதுல மேக்னெட் துளி நகர்ந்தாலும் காயில் உரச ஆரம்பிச்சுடும். அவர் வெளிய கீறல் விழாம இருக்கத்தான் பேக் பண்ணியிருக்கார், விழுந்தா என்ன ஆகும்னு யோசிக்கல.

இப்ப நான் என் பழைய ஜோடியை வித்துட்டேன், ஒவ்வொண்ணும் 22 கிலோ, பயமா இருக்கு. அடிபட்டவங்க வந்து சொல்லுங்க.

---

எனக்கு இது அனுப்புன பக்கத்துல நடந்துச்சு. ஒரு சப்வூஃபரை பெரிய பெட்டியில வச்சு சுத்தி அந்த தெர்மாகோல் உருண்டையா கொட்டி நிரப்பினேன், பெட்டி நிறைஞ்சு வழிஞ்சுச்சு, அடேயப்பா சூப்பர்னு டேப் போட்டு அனுப்பிட்டேன். வண்டி குலுங்கக் குலுங்க கனமான சாமான் கீழ இறங்கிட்டே இருக்கும், உருண்டை எல்லாம் மேல ஏறிடும்னு அப்ப தெரியாது. போய்ச் சேர்ந்தப்ப சப் நேரா அட்டையில உக்காந்திருக்கு, மேல ஒரு ஜாண் உயரத்துக்கு உருண்டை. அடி மூலை எம்.டி.எஃப் (மர நாரைப் பசையோட அமுக்கிச் செஞ்ச பலகை) பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு. எம்.டி.எஃப் அப்படித்தான், நடுவுல எவ்ளோ தட்டினாலும் தாங்கும், மூலையில ஒரு இடி விழுந்தா போச்சு, பசை போட்டு சேர்த்தாலும் பழைய மூலை வராது.

அதுக்கப்புறம் உருண்டையைத் தொடுறதே இல்ல. ஷீட் ஃபோம்தான், அதுலயும் வளைச்சா வளையுற அந்த ஈ.பி.ஈ ஃபோம். வெள்ளை தெர்மாகோல் முதல் அடியை நல்லா வாங்கிக்கும், ஆனா நசுங்கினது நசுங்கினதுதான், ரெண்டாவது அடிக்கு அங்க ஒண்ணும் இருக்காது. வழியில எத்தனை தடவை கை மாறுது, ஒரு அடியோடவா விடப்போறாங்க? முதல்ல ஒரு பெட்டி, கேபினெட் அசையாத மாதிரி இறுக்கமா, அதை ரெண்டாவது பெட்டிக்குள்ள வச்சு ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் ஃபோம். வெளிப்பெட்டி ரெட்டை அடுக்கு அட்டையா இருக்கணும். மூடினதும் ரெண்டு கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது நகர்ந்தா மறுபடி பிரிங்க, சோம்பேறித்தனம் வேணாம்.

---

22 கிலோ பாக்ஸா? வூஃபரைக் கழட்டி தனி பெட்டியில அனுப்புங்க ஜி, இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. நான் அப்படித்தான் நாலு அனுப்பியிருக்கேன், நாலும் பத்திரமா போச்சு.

---

மேல சொன்னவர் சொல்றது சரிதான், ஆனா எல்லாருக்கும் அதைச் சொல்லாதீங்க. நான் கழட்டப் போய்த்தான் கெடுத்தேன். கடைசி ஸ்க்ரூவைத் திருப்பிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கும்போது மேக்னெட் அதை ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, நேரா கோன் விளிம்புல இருக்கிற ரப்பர் சரவுண்டுல குத்தி ஓட்டை. அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே உடைச்ச ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். கழட்டுறவங்க கோன் மேல ஒரு கெட்டி அட்டையை வெட்டி வச்சு மூடிட்டு அப்புறம் ஸ்க்ரூவைத் தொடுங்க. எந்த வயர் எந்த முனைன்னு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, எம்.டி.எஃப்ல நேரா இறங்கின ஸ்க்ரூவா இருந்தா ரெண்டு மூணு தடவை கழட்டி மாட்டினாலே பிடி விட்டுடும். வாங்குறவருக்கு திரும்ப மாட்டத் தெரியுமான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சில பாக்ஸ்ல வயரை சால்டர் வச்சிருப்பாங்க. என்னைக் கேட்டா சின்ன புக்ஷெல்ஃப் பாக்ஸுக்கு இதெல்லாம் தேவையில்ல, கனமான மேக்னெட் உள்ள 12 இன்ச், 15 இன்ச்சுக்கு மட்டும் கழட்டலாம்.

---

பளபளா கறுப்பு ஃபினிஷ் வச்சிருக்கவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க. நான் பபிள் ராப்பை நேரா கேபினெட் மேல சுத்தி இறுக்கி டேப் ஒட்டி அனுப்பினேன், வெயில்ல கிடந்து கிடந்து அந்த குமிழ் ஒவ்வொண்ணும் வட்ட வட்டமா ஃபினிஷ்ல பதிஞ்சுடுச்சு, துடைச்சா போகல. வாங்கினவர் ஃபோட்டோ அனுப்பினப்ப அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. முதல்ல மெல்லிசு ஃபோம் ஷீட் இல்ல மெத்துனு துணி, அதுக்கு மேலதான் பபிள் ராப்.

அப்புறம் கிரில், அதான் ஸ்பீக்கரை முன்பக்கம் மூடியிருக்கிற வலை. இப்ப நிறைய கிரில் குட்டி குட்டி மேக்னெட்லதான் ஒட்டி நிக்குது, ஆட்டத்துல கழண்டு உள்ளயே சுத்தி ட்வீட்டர் டோமை நசுக்கிடும். கழட்டி தனியா சுத்தி வச்சிடுங்க, ட்வீட்டர், வூஃபர் எதையும் தொடாம முன்பக்கம் முழுக்க ஒரு ப்ளைவுட் பலகையோ கெட்டி அட்டையோ நிக்கட்டும். அடியில இருக்கிற கூர் கால், அந்த ஸ்பைக்கும் கழட்டணும், சொல்லணுமா என்ன.

---

பழைய டெக்னிக் ஒண்ணு. பாக்ஸ் பின்னாடி இருக்கிற ப்ளஸ், மைனஸ் ரெண்டையும் ஒரு துண்டு வயர் போட்டு சேர்த்துடுங்க. கோன் ஆடினா காயில் மேக்னெட்டுக்குள்ள நகர்ந்து கரண்ட் உண்டாகும், முனைங்க சேர்ந்திருந்தா அந்தக் கரண்டே கோனைத் திருப்பிப் பிடிச்சு நிறுத்தும். ஒரு வூஃபர்ல விரலால கோனைத் தட்டி வயர் இல்லாமலும் வயரோடவும் கேட்டுப் பாருங்க, டும்முனு வர்ற சத்தம் டப்புனு அடங்கிடும். இது கோன் படபடன்னு அடிக்கிறதுக்குத்தான், மேக்னெட் நகர்றதை நிறுத்தாது, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.

ஒரு தடவை அனுப்பிட்டு வயரைக் கழட்டச் சொல்ல மறந்துட்டேன், அவர் அப்படியே ஆம்ப்ல மாட்டியிருக்கார். ஷார்ட் தானே, ஆம்ப் உடனே ப்ரொடெக்ஷனுக்குப் போய் தானே நின்னுடுச்சு, அவர் ஆம்ப் நல்ல ஆம்ப், என் நேரம். இப்ப வயர்லயே சிவப்பு டேப் சுத்தி "கழட்டிட்டு மாட்டவும்"னு எழுதிடறேன்.

---

உள்ள கிராஸ்ஓவர் (பேஸையும் கீச்சையும் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) காயிலைப் பார்த்தீங்களா யாராவது? எனக்கு வந்த பாக்ஸ்ல அது பசை விட்டுக் கழண்டு உள்ள கடகடன்னு உருண்டு வூஃபர் கோனைப் பின்பக்கத்துல இருந்து கிழிச்சிருந்துச்சு. வூஃபரைக் கழட்டும்போது அப்படியே ஜிப் டை போட்டு இறுக்கிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

---

வெளிநாட்டுக்கு விமானத்துல அனுப்புறவங்களுக்கு வேற ஒரு தலைவலி இருக்கு, மேக்னெட். பார்சல்ல இருந்து 2.1 மீட்டர் தள்ளி அளந்தா காந்தப்புலம் 0.159 ஆம்பியர்/மீட்டர் இல்ல அதுக்கு மேல வந்தா விமானச் சரக்கு விதிப்படி அது காந்தப் பொருள், தனி பேப்பர் வேலை. பெரிய மேக்னெட் ஸ்பீக்கர் நாலை ஒரே பக்கம் பார்த்த மாதிரி அடுக்கினேன், நிறுத்தி வச்சுட்டாங்க. ஜோடி ஜோடியா எதிரும் புதிருமா திருப்பி வச்சு மறுபடி அளந்தா ஒண்ணை ஒண்ணு குறைச்சு அளவுக்குள்ள வந்துடுச்சு. மரப்பெட்டி அடிக்கிறதா இருந்தா பலகை மரத்துக்கு சூடு காட்டின முத்திரை வேணும், மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி வெப்பம் 30 நிமிஷம். ப்ளைவுட்டுக்கு அந்த விதி இல்ல, அதனால நான் ப்ளைவுட்தான்.

---

க்ளெய்ம் பத்தி யாரும் சொல்லலையே. இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன்னு தைரியமா இருந்தேன், உடைஞ்சு போனதும் "பேக்கிங் போதாது"ன்னு ஒரு வரியில முடிச்சுட்டாங்க. என்கிட்ட பேக் பண்ணின ஃபோட்டோ ஒண்ணு கூட இல்ல, அவர் அட்டையை எல்லாம் அன்னிக்கே குப்பையில போட்டுட்டார். இப்பல்லாம் பாக்ஸ் பாடுற வீடியோ, மல்டிமீட்டர் ரீடிங் (8 ஓம் ஸ்பீக்கர்னா 6 பக்கம் காட்டும்), ஒவ்வொரு அடுக்கும் வைக்க வைக்க ஒரு ஃபோட்டோ. "ஃப்ரஜைல்" ஸ்டிக்கர் ஒட்டலாம், யாராவது படிப்பாங்கன்னு மட்டும் நம்பாதீங்க.

---

ஆரம்பிச்சவன் திரும்ப வந்திருக்கேன். எல்லாருக்கும் நன்றி, கிட்டத்தட்ட எல்லாத்தையும் செஞ்சேன். வூஃபர் ரெண்டையும் கழட்டினேன் (அட்டை வச்சுத்தான் அண்ணே, உங்க ஸ்க்ரூடிரைவர் கதை படிச்ச பிறகு கை நடுங்குச்சு). ரெட்டைப் பெட்டி போட்டதுல ஒரு விஷயம் இடிச்சுது, யாரும் சொல்லல: உள் பெட்டி 45க்கு 40க்கு 70 சென்டிமீட்டர், சுத்தி 5 வச்சதும் வெளிய 55க்கு 50க்கு 80 ஆயிடுச்சு. பெட்டி அடைக்கிற இடத்தை வச்சு கூரியர்காரங்க எடை போடுவாங்க, நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000ஆல வகுக்கிற அந்தக் கணக்கு போட்டா 25 கிலோவுக்கு இருந்தது 44 கிலோ ஆயிடுது, அதாவது காத்துக்கும் ஃபோமுக்கும் காசு. கொஞ்ச நேரம் ஃபோமைக் குறைக்கலாமான்னு மனசு அலைபாஞ்சுது, அப்புறம் ரெண்டு கேபினெட்டையும் சேர்த்து ஒரு பாலட்ல (சரக்குக்கு அடியில வைக்கிற தட்டு மேடை) வச்சுக் கட்டி லாரி சரக்கா அனுப்பிட்டேன். பாலட்டை யாரும் தூக்கி எறிய முடியாது, ஃபோர்க்லிஃப்ட்லதான் எடுத்தாகணும்.

நேத்து போய்ச் சேர்ந்துச்சு. வூஃபரை மாட்டி கோனை அமுக்கிப் பார்த்தாராம், சத்தமே இல்லையாம். பாட்டு கேட்டீங்களான்னு கேட்டேன், "இன்னும் ரெண்டாவது பெட்டி டேப்பையே பிரிச்சு முடிக்கல சார்"ங்கிறார்.