1952 மேண்டில் கார்டு: அரிதா, வெறும் பேச்சா?

ஏழாம்நம்பர்:
பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் படம் போட்ட கார்டு வாங்க மூன்று வருடமாகப் பணம் சேர்க்கிறேன். வேண்டியது டாப்ஸ் கம்பெனி 1952இல் வெளியிட்டது, எண் 311. மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை. வாங்கலாமா?

பழம்பெட்டி:
அவசரப்படாதீர்கள். அது அவருடைய முதல் கார்டே இல்லை. போமன் கம்பெனி 1951இல் வெளியிட்ட எண் 253தான் அவருடைய ரூக்கி (முதல்) கார்டு. அதோடு, 52 டாப்ஸ் கார்டுகள் பல வரிசைகளாக வந்தன; அதில் கடைசி வரிசையின் அச்சுத்தாளில் மேண்டில் இரண்டு தடவை இருக்கிறார். அதே வரிசையில் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு ஒரு இடம்தான். ஊர்பேர் தெரியாத ஒருவரைவிட மேண்டில்தான் அதிகம் அச்சானார். இதைப் போய் அரிது என்கிறார்கள்.

ஏழாம்நம்பர்:
அப்புறம் எப்படி 2022 ஆகஸ்ட் ஏலத்தில் 1.26 கோடி டாலர்?

பழம்பெட்டி:
அது கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் எஸ்ஜிசி நிறுவனத்திடம் பத்துக்கு 9.5 வாங்கிய கார்டு. அந்த விலையை மழுங்கின மூலைக்கு ஒட்டாதீர்கள்.

கடைசிவரிசை:
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள், பழம்பெட்டி. அந்த வரிசை கடைக்கு வந்ததே சீசன் முடிகிற நேரத்தில். பையன்களின் கவனம் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போய்விட்டது, கடைக்காரர்கள் வாங்கவில்லை. மிஞ்சியதை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார்.

பழம்பெட்டி:
விற்கிறவனுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? சரி, கொட்டினார்கள் என்றே வையுங்கள். அந்தப் பெட்டிகளில் மேண்டில் மட்டுமா இருந்தார்?

கடைசிவரிசை:
அதில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் இருக்கிறது. 407 கார்டும் சேர்ப்பவருக்கு 311 வேண்டும், மேண்டில் ஆடிய யாங்கீஸ் அணியின் ரசிகருக்கு வேண்டும், ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத பணக்காரருக்கும் வேண்டும். அந்த 1.26 கோடிக் கார்டை உரிமையாளர் 1991இல் வாங்கியது 50,000 டாலருக்கு. அன்றைக்கும் யாரோ ஒருவர் "ரெட்டை அச்சு, வேண்டாம்" என்று தடுத்திருப்பார்.

பழம்பெட்டி:
அது நானாகக்கூட இருக்கலாம். ஆனாலும் முதலில் 51 வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்கேல்கையில்:
எதை வாங்கினாலும் அளந்து வாங்குங்கள். 52 டாப்ஸ் அகலம் 2 5/8 அங்குலம், உயரம் 3 3/4. நான் அதே வருடத்துச் சாதாரணக் கார்டு ஒன்றை, மூலை கூர்மையாக இருக்கிறதே என்று வாங்கினேன். வீட்டில் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் மூன்று ஓரம் பழுப்பு, நாலாவது மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஸ்கேல் வைத்தேன், அகலம் ஒரு நூல் குறைந்தது. ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். விற்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. மழுங்கின மூலை பொய் சொல்லாது தம்பி, பயப்படாமல் வாங்குங்கள்.

பழம்பெட்டி:
இது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

ஏழாம்நம்பர்:
51ஐயும் பார்த்தேன் அண்ணா. ரூக்கி என்பதெல்லாம் புரிகிறது. ஆனால் அந்த நீலப் பின்னணியும் மஞ்சள் மட்டையும் அதில் இல்லையே. ஸ்கேல் வாங்கிவிட்டேன், மழுங்கின 311 எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.