லாஸ்ட் நேம் கட்டாயம்னு போட்டது நான்தான், அந்தப் பெரியவர் கவுண்டர்ல நின்னப்ப பின்னாடி நின்னதும் நான்தான்

ஓஎம்ஆர்_டெவ்:

ஆறேழு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர் பண்ற டீம்ல இருந்தேன், பேஷண்ட் ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்க்ரீன் முழுக்க நான் எழுதினது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டும் கட்டாயம், ரெண்டுலயும் குறைஞ்சது ரெண்டு எழுத்து இருக்கணும். அந்த ரெண்டு எழுத்து கணக்கு எப்படி வந்துச்சுன்னா, டெஸ்ட்டிங்ல யாரோ ஒத்தை எழுத்து அடிச்சு சேவ் ஆயிடுச்சுன்னு ஒரு டிஃபெக்ட் போட்டாங்க, அதை க்ளோஸ் பண்றதுக்கு ஒரே லைன் சேத்தேன், அஞ்சு நிமிஷ வேலை. எங்க வீட்ல யாருக்குமே லாஸ்ட் நேம் கிடையாது, இனிஷியல் ஒத்தை எழுத்துதான், அப்படியிருந்தும் அன்னைக்கு எனக்கு அது தோணவே இல்ல.

போன வருஷம் அம்மாவுக்கு முட்டி வலின்னு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ள போனதுமே கவுண்டர் ஸ்க்ரீனைப் பாத்து நம்ம சாஃப்ட்வேர்னு தெரிஞ்சுருச்சு. எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர், கையில மஞ்சப்பை, ஆதார் ஜெராக்ஸ். முத்துன்னு வச்சுக்குங்க, இனிஷியல் ஆர். கவுண்டர்ல இருந்த பொண்ணு லாஸ்ட் நேம்ல ஆர்னு அடிச்சுது, சிவப்புல மெசேஜ் வந்துச்சு, அந்த வரி நான் டைப் பண்ணது, "சரியான பெயரை உள்ளிடவும்". மறுபடி அடிச்சுது, மறுபடி சிவப்பு. அந்தப் பொண்ணு நிமிந்து பாத்து, "தாத்தா, உங்க பேரை எடுக்க மாட்டேங்குது, வேற பேர் இருக்கா"ன்னு கேட்டுச்சு. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "எனக்கு வேற பேர் இல்லம்மா"ன்னார்.

அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. கடைசில அந்தப் பொண்ணு ரெண்டு பாக்ஸ்லயும் முத்துன்னே அடிச்சு டோக்கன் குடுத்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஸ்பீக்கர்ல "முத்து முத்து"ன்னு கூப்பிட்டாங்க, அவர் எந்திரிக்கல, வேற யாரோன்னு உக்காந்திருந்தார், நான்தான் போய் தோளைத் தொட்டுச் சொன்னேன். சாயங்காலம் இன்சூரன்ஸ் டெஸ்க்ல பாத்தா, கார்டுல ஒரு பேர், ஆஸ்பத்திரி ரெக்கார்டுல ஒரு பேர், ப்ரீ ஆத், அதாவது சிகிச்சைக்கு முன்னாடி இன்சூரன்ஸ்ல கேக்கற அனுமதி, திரும்பி வந்துருச்சுன்னு அவர் பையன் நின்னுட்டு இருக்கான்.

நீங்க எழுதின ப்ரோக்ராம் முன்னாடி ஒரு ஆள் இப்படி நின்னதை நேர்ல பாத்திருந்தா சொல்லுங்க.

டெஸ்டர்_அக்கா:

தம்பி, நீங்க சொல்றதோட இன்னொரு முனையில இருந்தவ நான். டெஸ்டிங்ல 14 வருஷம். கட்டாயம்னு போட்டுட்டா பேர் வந்துடும்னு நினைக்கிறீங்க, வராது, கவுண்டர்ல இருக்கறவங்களுக்குப் பின்னாடி வரிசை நிக்குது, எதையாவது அடிச்சு அடுத்த ஆளுக்குப் போவாங்க. ஒரு தடவை ப்ரொடக்‌ஷன் டேட்டாவை, அதாவது நிஜமா பதிவான விவரத்தை, கொஞ்சம் மறைச்சுக் குடுத்தாங்க, லாஸ்ட் நேம் கட்டத்தை மட்டும் எடுத்துப் பாத்தேன். புள்ளி, ரெண்டு புள்ளி, கோடு, என்ஏ, நில், அப்பா பேர், வீட்டுக்காரர் பேர், ஊர் பேர், அதே பேரு மறுபடி. இது இல்லாம பிறந்த தேதியும் கட்டாயம். வயசானவங்க நிறைய பேருக்குத் தேதி தெரியாது, வருஷம்தான் தெரியும், அதனால ஜனவரி 1.

அப்புறம் ஒருத்தர் டூப்ளிகேட் ரெக்கார்டை எல்லாம் சேக்கறதுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதினார். பேர், லாஸ்ட் நேம், பிறந்த தேதி மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள். நான் ரிசல்ட்டைத் திறந்து பாக்கறேன், ரெண்டு அம்மா, ரெண்டு பேருக்கும் அதே பேரு, லாஸ்ட் நேம் புள்ளி, பிறந்த தேதி 01-01-1955. ஒருத்தங்களுக்கு பி பாசிட்டிவ், இன்னொருத்தங்களுக்கு ஓ பாசிட்டிவ். ஸ்க்ரீன்ல ரெண்டு வரிசையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, பக்கத்துல "மெர்ஜ்"னு பட்டன். எனக்கு கை நடுங்கிடுச்சு. அந்த ரிலீஸை நிறுத்தினேன், அதுக்கு மேனேஜர்கிட்ட வாங்கின பேச்சு தனிக் கதை. இப்பவும் எந்த ஸ்க்ரீன்ல புள்ளியைப் பாத்தாலும் அந்த ரெண்டு அம்மாதான் ஞாபகம் வருவாங்க.

கோவை_ஆர்கிடெக்ட்:

ப்ரோ, வருத்தம் புரியுது, ஆனா தப்பை முழுக்க உங்க தலையில போட்டுக்காதீங்க. லாஸ்ட் நேம் நம்ம ஆசைப்பட்டு வைக்கறது இல்ல, அந்தப் பக்கம் இருக்கற சிஸ்டம் கேக்குது. என் மச்சான் பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர், சர்நேம் கட்டம் காலி. 2022 நவம்பர்ல யூஏஈ ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டோட விசிட் விசால வர்றவங்களை உள்ள விடமாட்டோம்னாங்களே, அதுக்கு முந்தின வாரம்தான் டிக்கெட் போட்டிருந்தான். ஏர்போர்ட்ல கவுண்டர் முன்னாடி பாஸ்போர்ட்டை விரிச்சு வச்சுக்கிட்டு எனக்கு வீடியோ கால் பண்றான், அந்தக் காலியான கட்டத்தைக் கேமராவுக்கு நேரா காட்டி "இதுல என்னடா எழுதறது"ன்னு கேக்கறான். அப்புறம் ரெண்டாம் பக்கத்துல அப்பா பேர் இருந்தா விடலாம்னு தளர்த்தினாங்க, அதுல தப்பிச்சான்.

இனிமே பண்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பேரை உடைக்காதீங்க. முழுப்பேர்னு ஒரே பாக்ஸ், யூனிகோடுல எந்த எழுத்து வந்தாலும் எடுத்துக்கணும், குறைஞ்சபட்ச நீளம் ஒண்ணு. கூப்பிடுற பேர்னு விருப்பப்பட்டா இன்னொரு பாக்ஸ். வெளி சிஸ்டத்துக்கு லாஸ்ட் நேம் வேணும்னா ரெண்டு சிஸ்டமும் பேசிக்கற அந்த இன்டர்ஃபேஸ் லேயர்ல வச்சு மாத்தி அனுப்புங்க, மூல டேட்டாவைத் தொடாதீங்க. அமெரிக்க விசாவுலயே பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர்னா அதை சர்நேம்ல போட்டுட்டு முன் பேர்ல எஃப்என்யூன்னு போடறாங்க, அதாவது முன் பேர் தெரியலைன்னு அர்த்தம், அப்படி அந்தந்த இடத்துக்கு ஒரு விதி வச்சுக்கலாம். ரீஜெக்ஸ், அதாவது எந்த எழுத்து வரலாம்ங்கற விதி, வச்சு பேரை செக் பண்ற வேலையே வேணாம், புள்ளி, இடைவெளி, அப்பாஸ்ட்ரஃபி எல்லாம் பேர்ல வரும். பேரை வச்சு ஆளை அடையாளம் காணாதீங்க, தனி ஐடி வைங்க. எரர் மெசேஜ்ல "சரியான பெயர்"ங்கற வார்த்தையே வரக்கூடாது. பிறந்த தேதிக்கு "வருஷம் மட்டும் தெரியும்"னு ஒரு டிக் பாக்ஸ் வைங்க. டேட்டாபேஸ்ல பேர் கட்டத்துக்கு இருபது முப்பதுன்னு நீளம் வைக்காதீங்க, தமிழ் எழுத்து யூடிஎஃப் எட்டுங்கற சேமிப்பு முறையில ஒவ்வொரு குறியீடுக்கும் மூணு பைட் எடுக்கும், கட்டத்தோட அளவு பைட்டுல இருந்தா முப்பதுல பத்து குறியீடுதான் நிக்கும், "கி"ன்னு ஒரு எழுத்தே ரெண்டு குறியீடு, அப்ப பேர் பாதில வெட்டிடும். இதெல்லாம் டிசைன் ரிவ்யூலயே கேக்கணும். ஜூனியர் டெவலப்பர் கேக்கலைன்னா லீடோட தப்பு.

ஓஎம்ஆர்_டெவ்:

அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா அந்தப் பக்க சிஸ்டம் கேக்கல. எங்க ரெக்வயர்மெண்ட் டாகுமெண்ட்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு எங்கயும் இல்ல, வேற நாட்டு ப்ராஜெக்ட்ல இருந்து டெம்ப்ளேட் எடுத்துப் போட்டது நான். அதனாலதான் மனசு விடமாட்டேங்குது.

டெஸ்டர்_அக்கா:

கோவைத் தம்பி, ஒரே பாக்ஸ் வச்சாலும் தீராது. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா? ஆதார்ல முத்து ஆர், பேங்க்ல ஆர் முத்து, இன்சூரன்ஸ்ல முத்து ராமையா. மூணும் ஒரே ஆள்தான்னு கவுண்டர்ல இருக்கற பொண்ணு பாத்த உடனே சொல்லிடும், அதைச் சொல்றதுக்கு ஸ்க்ரீன்ல அதுக்கு ஒரு இடம் குடுங்க. அந்தப் பொண்ணுக்கு எரர் மட்டும்தான் குடுக்கறோம்.

யாழ்_கோடர்:

இதை வாசிச்சாப் பிறகு எழுதாமல் இருக்கேலாமல் இருக்கு. நான் கொழும்பில ஒரு கொம்பனியில வேலை, சின்னக் கடன் குடுக்கிற ஆக்களுக்கு ஒரு செயலி செய்து குடுத்தனாங்கள். அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் பிறந்த திகதி தானாய் வரும், அந்தப் பகுதியை எழுதினது நான். எங்கட பழைய அட்டை தெரியும்தானே, ஒன்பது இலக்கமும் கடைசியில வி அல்லது எக்ஸ். முதல் ரெண்டும் வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள், பெண்கள் எண்டால் 500 கூட்டியிருக்கும். 2016 இல இருந்து பன்னிரண்டு இலக்கம், உள்ளுக்க கணக்கு அதேதான்.

கிளிநொச்சிக்குப் பயிற்சி குடுக்கப் போனனான். ஒரு அம்மம்மா அட்டையைத் தந்தா, 51635 எண்டு தொடங்குது. நான் அடிச்சன், 1951 மே 15 எண்டு வந்தது. அவ திரையைப் பாத்திட்டு, "தம்பி, நான் பிறந்தது பதினாலாந் திகதி" எண்டா. பக்கத்தில நிண்ட உத்தியோகத்தர், "கொம்பியூட்டர் பிழை விடாது அம்மா, நீங்கள்தான் மறந்திட்டியள்" எண்டார். அவ சொன்னா, "பிறப்புச் சான்றிதழ் இடம்பெயரேக்க துலைஞ்சு போட்டுது, வீடும் போட்டுது, பிறந்த நாள் ஒண்டுதான் எனக்கு நினைவிருக்கு, அதையும் பிழை எண்டால் நான் என்ன செய்ய" எண்டு. அழேல்ல, சத்தம் போடேல்ல. சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

அண்டிரவு தங்கியிருந்த இடத்தில லப்டொப்பைத் திறந்து பாத்தன். அட்டைக் கணக்கில மாசி மாசத்துக்கு, அதுதான் பெப்ரவரிக்கு, எப்பவும் 29 நாள், லீப் வருசமோ இல்லையோ. 31, 29, 31, 30, அதோட 14, கூட்டினால் 135, பெண் எண்டபடியால் 635. நான் எழுதின கோடு 1951 லீப் இல்லை எண்டு மாசிக்கு 28 போட்டு, ஒரு நாள் தள்ளிக் காட்டியிருக்கு. மாசிக்குப் பிறகு லீப் இல்லாத வருசத்தில பிறந்த ஒவ்வொருத்தருக்கும் பிழை. நாங்கள் டெஸ்ட் பண்ணினது எங்கட டீம் ஆக்களின்ர அட்டையில, மூண்டு பேர், ஒராள் பிறந்தது தையில, அதுதான் ஜனவரி, ரெண்டு பேர் லீப் வருசத்தில.

அடுத்த நாள் காலமை திருத்தி அனுப்பினன். அம்மம்மாவின்ர வீட்டைத் தேடிப் போய், "நீங்கள் சொன்னதுதான் சரி, பிழை என்ர" எண்டு சொன்னனான். தேத்தண்ணி போட்டுத் தந்தா.

நைட்_சப்போர்ட்:

எனக்குச் சின்னக் கதைதான். ஓடிபி 30 செகண்ட்ல எக்ஸ்பைர் ஆகற மாதிரி ஒரு ஆப்ல செட் பண்ணது நாங்க. எங்க அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டி, மெசேஜைத் திறந்து, நம்பரைப் பேப்பர்ல எழுதி, மறுபடி ஆப்புக்கு வர்றதுக்குள்ள போயிடுது. நாலாவது தடவை ஃபோனைக் கீழ வச்சுட்டு "நீயே பண்ணுடா"ன்னார். 40 வருஷம் ஒரு கடையோட கணக்கு முழுக்க கையால எழுதினவர்.

திருச்சி_டேட்டா:

கோவை அண்ணே, யூனிகோடு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா போதும்னீங்க, போதாது. ஒரு பழைய பதிவேட்டை வானவில்ங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாத்தற வேலை பண்ணேன். பழைய ஃபான்ட்ல எழுத்து கண்ணுக்குத் தெரியற வரிசையில இருக்கும், முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். எங்க கன்வெர்ட்டர் கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னாடி போட்டுச்சு, காலை அப்படியே விட்டுச்சு. அதனால "கோ"ங்கறது க, இரட்டைக் கொம்பு, கால்னு மூணு குறியீடா உக்காந்துருச்சு. கீபோர்டுல அடிச்சா க, அப்புறம் ஓகாரக் குறி ஒண்ணு, மொத்தம் ரெண்டு குறியீடுதான். ஸ்க்ரீன்ல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு, தேடினா வராது.

ஒரு விவசாயி, பேர் "கோவி"ன்னு ஆரம்பிக்கும், ஆபரேட்டர் அடிச்சுப் பாத்துட்டு "உங்க பேர்ல ஒண்ணும் இல்லைங்க"ன்னார். அவர் சட்டைப் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்துப் பிரிச்சார், அதே சிஸ்டத்துல போன மாசம் பிரிண்ட் எடுத்தது, அவர் பேர் இருக்கு. பேப்பரை ஸ்க்ரீன் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா விரலால தொட்டுக் காட்டறார், "இது கோ, இதுவும் கோ, இது வி, இதுவும் வி". நான் பின்னாடி நின்னு பாக்கறேன். அவர் சொல்றதுல ஒரு தப்பும் இல்ல.

தீர்வு என்னன்னா என்எஃப்சி நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தோட வேற வேற குறியீட்டு வரிசையை ஒரே மாதிரி ஆக்கறது, அதை சேவ் பண்றப்பவும் தேடறப்பவும் ரெண்டு இடத்துலயும் ஓட்டணும், அந்த மூணு குறியீடும் ரெண்டாயிடும். ஆனா ஔவுக்குப் பதிலா ஒ போட்டு ள அடிச்சிருந்தா என்எஃப்சி கண்டுக்காது, ஏன்னா அது நிஜமாவே வேற எழுத்து, அதுக்குத் தனியா ஒரு பட்டியல் வச்சு மாத்தினோம். துணைக்காலை ர-ன்னு நினைச்சு அடிச்சதும் அப்படித்தான்.

கோவை_ஆர்கிடெக்ட்:

திருச்சி, ஒத்துக்கறேன், இது என் லிஸ்ட்ல இல்ல. அக்கா சொன்னதும் சரிதான். நான் கவுண்டர் பக்கம் உக்காந்து பாத்ததே கிடையாது.

டெஸ்டர்_அக்கா:

ஓஎம்ஆர் தம்பி, அந்தப் பெரியவருக்கு அப்புறம் என்ன ஆச்சு? சொல்லவே இல்லையே.

ஓஎம்ஆர்_டெவ்:

அக்கா, அன்னைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருந்தேன். ரெண்டு பேர்லயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சு அனுப்பினா போதும்னு டெஸ்க்ல சொன்னாங்க, கையெழுத்துப் போடறவர் கிளம்பிட்டார், மறுநாள் காலையிலதான் வந்தார். அதுக்குள்ள அட்மிஷனுக்குக் கட்டச் சொன்ன பணத்துக்குப் பையன் வண்டியை அடகு வச்சுட்டான். க்ளெய்ம் மூணாம் நாள் பாஸ் ஆச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பையன் நம்பர் என்கிட்ட இருக்கு, பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினான்.

அந்த சாஃப்ட்வேரை இப்பப் பாக்கறது வேற டீம். அங்க இருக்கற ஃப்ரெண்டுகிட்ட சொல்லி இதை மாத்தணும்னு டிக்கெட் போட்டோம், ரெண்டு எழுத்து விதியைத் தூக்கியாச்சு, கட்டாயம்ங்கறது இன்னும் இருக்கு, அடுத்த ரிலீஸ்ங்கறாங்க. வாராவாரம் கேட்டுட்டு இருக்கேன். அந்த லைனை நான்தான் எழுதினேன்னு பையன்கிட்ட இன்னும் சொல்லல. யாழ் அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து அவன் நம்பரை எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருக்கேன்.